இருக்கும்போதே பார்த்தவர்

ஒரு சித்திரத்தைப் பார்த்து, "அசலைப் போலவே இருக்கிறது" என்று சொல்கிறோம். இது பாராட்டா, பழிப்பா? சாதாரண ரசிகர் பாராட்டாகத்தான் சொல்கிறார். விமரிசகரோ, "அப்படியே எடுக்கக் காமிரா போதுமே, கலைஞன் எதற்கு?" என்று கேட்டு மடக்கிவிடுகிறார். கதைகளுக்கும் இதே தீர்ப்புத்தான். உள்ளதை உள்ளபடி எழுதியவன் கணக்குப்பிள்ளை. கூட்டிக் குறைத்து மெருகு கொடுத்தவன் கலைஞன். ஜெர்மனியில் ஒருவர் செய்து வைத்துவிட்டுப் போன ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஒன்றைப் படங்களில் பார்க்கும்போது, இந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்று தெரிகிறது.

அதைச் செய்தவர் வொல்ஃப்காங் ஃப்ரை என்ற ரயில்வே ஊழியர். ஸ்டட்கார்ட் நகரத்தின் பிரதான ஸ்டேஷனையும், அதைச் சுற்றியுள்ள பாதைகளையும் கட்டடங்களையும் 160-ல் ஒரு பங்கு அளவில் செய்தார். அந்த நகரத்திலேயே பூமிக்கடியில் உள்ள ஷ்வாப்ஷ்ட்ராஸே ஸ்டேஷனின் அறை ஒன்றில் இந்த வேலை நடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 2012-ல் அவர் காலமானார்.

160-ல் ஒரு பங்கு என்றால் என்ன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டேஷன் கோபுரத்தின் உயரம் 56 மீட்டர். மாதிரியில் அது 35 சென்டிமீட்டர். தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அது 9 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. ஐந்தேகால் அடி மனிதன் ஒரு சென்டிமீட்டர். இப்படிச் சுருக்கிய பிறகும் 400 மீட்டர் பிளாட்பாரம் ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் மேஜை வேண்டும். ஸ்டட்கார்ட்டோ, வண்டிகள் வந்து முட்டி நின்று, வந்த வழியே திரும்பும் ஸ்டேஷன். 16 பாதைகள் வரிசையாக வந்து முடியும் இடம். எந்தத் திசையிலிருந்து வரும் வண்டியும் தன் பிளாட்பாரத்தை அடைய வேண்டுமானால், வெளியே பாயிண்ட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க வேண்டும்.

பொம்மை ரயில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சமாதானம் செய்துகொள்வார்கள். பிளாட்பாரத்தில் பாதியை வெட்டுவார்கள். பதினாறை ஆறாக்குவார்கள். மூலையில் அழகுக்காக ஒரு மலையும் குகையும் வைப்பார்கள். நவராத்திரிக் கொலுவில் பிள்ளைகள் கட்டும் ஊரைப் போலக் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும். ஃப்ரை இதற்கு இணங்கவில்லை. பாதைகளின் பின்னலை உள்ள அமைப்பிலேயே போட்டார். யாரும் நின்று பார்க்காத பாதையோரத்துக் கட்டடங்களுக்கும், நாள்பட்ட சுவரின் அழுக்குக்கும், கோபுரத்துக்குக் கொடுத்த அதே மரியாதையைக் கொடுத்தார். இந்தச் சம நோக்கைக் காமிராவின் காரியம் என்று தள்ளிவிட முடியாது. காமிராவுக்குச் சலிப்பு இல்லை, மனிதனுக்கு உண்டு. சலிப்பை வென்று பார்ப்பதற்கு அன்பு வேண்டும்.

அசல் ஸ்டேஷனின் கதையையும் சொல்ல வேண்டும். பால் போனாட்ஸும் ஃப்ரீட்ரிஷ் ஓய்கன் ஷோலரும் அமைத்த கட்டடம் அது. 1914-ல் வேலை தொடங்கி 1928-ல் முடிந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அடிபட்டு மறுபடியும் எழுந்தது. 1994-ல் 'ஸ்டட்கார்ட் 21' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். பாதைகளைப் பூமிக்கடியில் குறுக்காகத் திருப்பி, 16-க்குப் பதில் 8 பாதைகளாக்கி, வண்டிகள் ஒருபுறம் புகுந்து மறுபுறம் போகும்படி செய்வது திட்டம். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஆனாலும் 2010-ல் வடக்குப் பக்கக் கட்டடம் இடிக்கப்பட்டது. 2012-ல் தெற்குப் பக்கமும் போயிற்று. கோபுரமும் நடு மண்டபமும் மிஞ்சின.

இந்த வருஷங்களை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. திட்டம் வெளியாவதற்குப் பத்து வருஷங்களுக்கும் முன்பே ஃப்ரை வேலையை ஆரம்பித்துவிட்டார். ஞாபகச் சின்னம் எழுப்பும் எண்ணமே அப்போது எழ நியாயமில்லை. ஸ்டேஷன் திடமாக நின்றுகொண்டிருந்தது; தினமும் ஜனங்கள் அதைப் பார்க்காமலே அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் பார்த்தார்.

இழந்த பிறகு அழுவது சுலபம். நம் கதைகளில் பூர்விக வீடு விற்றுப்போன பிறகுதான் திண்ணையின் குளிர்ச்சி ஞாபகத்துக்கு வருகிறது. ஞாபகம் எதையும் அளந்து பார்ப்பதில்லை. திண்ணை நீண்டுவிடுகிறது, ஆறு அகலமாகிவிடுகிறது, சிடுசிடுத்த பாட்டி தெய்வமாகிவிடுகிறாள். வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தக் கண்ணீரில் பாதி எழுத்தாளன் செய்த மோசடிக்குக் கிடைத்த கூலி.

மாதிரியில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டேஷனுக்கு உயிர் கொடுப்பவர்கள் வழியனுப்ப வந்தவர்களும், வண்டியைத் தவறவிட்டவர்களும். ஒரு சென்டிமீட்டர் மனிதனின் முகத்தில் எந்தத் துயரத்தை எழுதிவிட முடியும்? அவன் யாருக்காகக் காத்திருக்கிறான் என்பதை மாதிரி சொல்லாது. அதைச் சொல்ல நாவல்தான் வேண்டும். ஆனால் அவன் நிற்கும் பிளாட்பாரம் எவ்வளவு நீளம், மழை எந்தப் பக்கம் சாரல் அடிக்கும் என்று தெரியாமல் நாவலாசிரியன் அவனுடைய துயரத்துக்குள் புகுந்தால், அந்தத் துயரமும் அட்டைத் துயரமாகத்தான் இருக்கும்.

ஃப்ரை போன பிறகு அந்த மாதிரியைப் பக்கத்து ஊரான ஹெரன்பெர்குக்குக் கொண்டுபோய்ப் பொதுஜனப் பார்வைக்கு வைத்தார்கள். வெளியே இல்லாத இரண்டு பக்கக் கட்டடங்களும் அதில் இருக்கின்றன. நம் ஊர்களில் நாளைக்கு இடிக்கப்போகும் பஸ் ஸ்டாண்டு ஒவ்வொன்றும், இன்றைக்கு அழுக்கும் இரைச்சலுமாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதை இப்போதே நின்று பார்த்து எழுதுகிறவன் எவனோ, அவனுடைய நாவலைத்தான் நான் வாங்கிப் படிப்பேன்.