அழுத்தினால் பாடும் பொம்மை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடொன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். குழித்தறியின் ஓசைக்கு நடுவே ஒன்றரை வயதுக் குழந்தை, மின்கலத்தால் இயங்கும் இசைப் பொம்மை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தது. எட்டு வண்ணக் கட்டைகள், அழுத்தினால் சுரம். பக்கத்தில் இருந்த பொத்தான்களில் ஒன்று பசுவைப்போல் கத்திற்று. மற்றொன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்லிற்று. எதை அழுத்தினாலும் முடிவில் கைதட்டல். "விளையாட்டோடு பாட்டும் படிப்பும் வந்துவிடுகிறது, சாமி" என்றார் பாட்டி. அவர் சொன்னது மெய்தானா என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மையைக் குறைகூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வூர்ப் பட்டுத் தறிகளில் சிறுவர்கள் கொத்தடிமைகளாய் உழைத்ததை 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பின் அறிக்கை 2003இல் உலகறியச் செய்தது. தறியில் நாடா எறிந்த பிஞ்சுக் கைகளைக் கண்ட ஊரில், ஒரு குழந்தையின் கை பொம்மையைத் தட்டுகிறதென்றால் அது மகிழத்தக்கதே. தன் விரல் பட்டதும் ஓசை பிறக்கிறது என்று அறிவதும் குழந்தைக்கு ஓர் இன்பம்.

ஆயினும் அது இசையைக் கற்பிக்கிறதா? கருநாடக இசை பயிலும் சிறார் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை தொடங்குவது வழக்கம். அதற்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். மேலைநாட்டு மேஜர் சுரவரிசைக்கு அமைந்த எட்டுக் கட்டைகளில் அவ்விரண்டுக்கும் இடமில்லை. அவை ஒலிப்பவை சங்கராபரணத்தின் சுரத்தானங்கள் மட்டுமே. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்திற்கும் அங்கு வழியில்லை. லய வல்லமைக்குப் பெயர்பெற்ற நயினாப் பிள்ளை (1889–1934) வாழ்ந்த ஊர் இது. ஆசான் பாட, மாணவன் கேட்டுத் திருப்பிப் பாட, பிழையை ஆசான் திருத்த வளர்ந்த கலை அது. பொம்மையோ குழந்தையின் குரலைக் கேட்பதில்லை; எல்லாவற்றிற்கும் கைதட்டுகிறது. பிழையும் சரியும் ஒன்றே எனும்போது செவி எதைக் கற்கும்?

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அமெரிக்காவில் அன்னா சோசா என்ற ஆய்வாளர், 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகள் தம் பெற்றோருடன் வீட்டில் விளையாடுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். 2015 டிசம்பரில் வெளியான அவ்வாய்வின்படி, மின்னணுப் பொம்மையோடு விளையாடுகையில் பெற்றோர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 சொற்களே பேசினர். மரப்புதிர் போன்ற பழைய பொம்மைகளோடு 56. படப் புத்தகங்களோடு 67. குழந்தைகளின் மழலையும் புத்தகத்தைவிட மின்னணுப் பொம்மையோடு குறைந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் நம் வீடுகளிலும் காணக்கூடிய ஓர் உண்மையை அது காட்டுகிறது. பொம்மை பேசத் தொடங்கினால் நாம் வாய்மூடி விடுகிறோம்.

அதற்காகப் பொம்மையை வீசியெறியச் சொல்லவில்லை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மின்கல அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகக்கூடும். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஒலியைக் குறைத்து வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அருகில் அமர்ந்து, பசு கத்தும்போது "நம் தெருப் பசு எப்படிக் கத்தும்?" என்று கேளுங்கள், குழந்தை விடைசொல்லும்வரை காத்திருங்கள்.

நான் விடைபெறும் வேளையில் மின்கலம் தீர்ந்து பொம்மை அடங்கிற்று. குழந்தை சிணுங்கிற்று. பாட்டி அதை மடியில் கிடத்தி, தறியின் தாளத்திற்கு ஏற்ப மெல்லத் தாலாட்டத் தொடங்கினார். சுருதி சற்று விலகியே இருந்தது. எனினும் குழந்தை அவர் முகத்தையே பார்த்தது. அவர் நிறுத்தியபோது "ம்…" என்று இழுத்தது. பாட்டி மீண்டும் பாடினார். அவ்வீட்டில் இசைப் பாடம் அப்பொழுதுதான் தொடங்கியது.