ஒலி நின்ற விவாதம்

1976ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டும் அவரை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டரும் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள வால்நட் தெரு நாடக அரங்கில் தொலைக்காட்சி விவாதம் நடத்தினர். முடிவுறும் தறுவாயில் ஒலிக்கருவி பழுதுற்றது. 27 நிமிட நேரம் இருவரும் ஏறத்தாழ வாய்திறவாது நின்றனர். பேசினால் கேட்கும் தொலைவில் இருந்தும் வாதத்தைத் தொடரவில்லை. அவர்தம் சொற்கள் எதிராளியைக் காட்டிலும் கருவியையே நோக்கியிருந்தமை அம்மௌனத்தால் வெளியாயிற்று.

இத்தகைய விவாதங்கள் கொள்கை வேற்றுமைகளை மக்கள்முன் வைக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மறுமொழியால் மனம் மாற எவரும் ஆயத்தமாயிராத இடத்தில் நிகழ்வது நடிப்பேயாகும். நடுவராக அழைக்கப்பெற்ற மக்கள் அங்கே பார்வையாளராகவே எஞ்சுகின்றனர். ஒலி நின்றபின் சொல்லில் எஞ்சுவது யாதென வினவுதல், சொல்லை ஊழியமாகக் கொண்ட நமக்கும் தகும்.