வெறியாட்டும் வினாநிரலும்: காணியர் இளைஞரின் மனநல ஆய்வு பற்றிய ஒரு திறனாய்வு

குறிஞ்சித்திணைப் பாடல்களுள் வெறியாட்டுத் துறைக்குரியவை தனிச் சுவை உடையன. களவொழுக்கத்தில் நின்ற தலைவி மெலிகின்றாள்; உணவை வெறுக்கின்றாள்; உறக்கம் இழக்கின்றாள். அது கண்டு நடுங்கிய தாய் கட்டுவிச்சியை வினவுகின்றாள். வேலனை அழைத்துக் கழங்கு இடுவிக்கின்றாள். 'இது முருகு' என்று கழங்கு காட்டுகின்றது. களம் இழைக்கப்படுகின்றது; மறி அறுக்கப்படுகின்றது. இத்துணையும் நிகழும்போது, நோயுற்றவளிடம் சென்று 'நினக்கு உற்றது யாது?' என்று கேட்டவர் ஒருவரும் இலர். உண்மை அறிந்தவள் உடன் வாழும் தோழி ஒருத்தியே. வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்று 22ஆம் பாட்டில், தலைவன் வரவால் நோய் நீங்கிய தலைவி, அந்நோயோடு யாதொரு தொடர்பும் இல்லாத வேலன்பொருட்டுச் செய்தவை வீணானமை கண்டு நகைத்ததாகப் பாடுகின்றார்.

இந்நகை வேலனை நோக்கியது என்று கொள்வதே பெருவழக்கு. நாம் அவ்வாறு கருதவில்லை. தாய் கண்ட மெலிவு பொய்யன்று. அவள் அச்சமும் பொய்யன்று. கண்டது சரி, அதற்கு இட்ட பெயரே பிழை. கேட்கவேண்டிய ஒருத்தியைக் கேளாது பெயரிடுகின்ற முறையையே புலவர் நகைக்கின்றார். வெறியாட்டுப் பாடல்களை நோய்க்குப் பெயரிடும் உரிமை பற்றிய பாடல்களாகவும் படிக்கலாம் என்பது நம் கருத்து.

இக்கருத்தை இங்கு எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மலைவாழ் இளைஞரின் மனநலம், மதுவும் புகையிலையும் பிற போதைப் பொருள்களும் அவர்களிடையே வழங்கும் அளவு ஆகியவை பற்றிய ஆய்வுகள் நாட்டில் பெருகிவருகின்றன. மருத்துவரும் சமூகவியலாரும் செய்யும் ஆய்வில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்பார் இருக்கலாம். அவ்வாய்வுகளின் முதற்கருவி ஒரு வினாநிரல். வினாநிரல் சொற்களால் ஆனது. ஒரு மொழியில் பிறந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ந்தது. கேட்போர் ஒருவகையாகவும் விடை கூறுவோர் வேறுவகையாகவும் பொருள்கொள்ளத் தக்கது. அத்தகைய பனுவலைத் திறனாய்வது நம் துறைக்குப் புறம்பான பணியன்று.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மலைகளில், பேச்சிப்பாறை, கோதையாறு, பத்துகாணி முதலிய இடங்களைச் சூழ்ந்த குடியிருப்புக்களில் காணியர் வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பால் கேரளத்து மலைகளிலும், வடக்கே பாபநாசம் மலையிலும் இவர்தம் உறவினர் உளர். தமிழும் மலையாளமும் விரவிய இவர்கள் பேச்சு 'மலம்பாஷை' எனப்படும். நாஞ்சில் நாடு என்று நாம் பெருமையுடன் கூறும் தோவாளை, அகத்தீசுவரம் வயல்கள் 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரால் விளைகின்றன. அந்நீர் காணியர் மலையில் பிறப்பது. ஆயினும் நாஞ்சில் நாட்டு இலக்கியம் பற்றிய நம் நூல்களில் அம்மலை மக்களுக்கு உரிய பக்கங்கள் மிகச் சிலவே.

காணி என்னும் சொல்லுக்கு வழிவழி உரிமையுள்ள நிலம் என்பது பொருள். காணியாட்சி என்பது கல்வெட்டுக்களிலும் பயின்ற வழக்கு. நிலவுரிமையைப் பெயரிலேயே தாங்கிய இம்மக்கள், தாம் பயிரிட்ட நிலத்துக்குச் சட்டம் ஏற்கும் உரிமை பெற 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இடைக்காலத்தில் மலைச்சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. 1984இல் அரசு ரப்பர்க் கழகம் தோன்றியது. 2008இல் மாவட்டத்துக் காடுகளின் பெரும்பகுதி வனவிலங்குப் புகலிடமாயிற்று. மரச்சீனியும் நல்லமிளகும் பயிரிட்டுத் தேனெடுத்து வாழ்ந்தவர்களின் பேரர் பலர் இன்று விடியற்குமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்லும் கூலியாளர். மழைக்காலத்தில் அவ்வேலையும் நின்றுபோகும். இவ்வரலாறு மனநல ஆய்வுக்குப் பின்னணி மட்டும் அன்று, அதன் பொருளே இதுதான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

காணியரைப் பற்றி முன்னர் எழுதியோருள் எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். 1909இல் வெளிவந்த அவர்தம் ஏழு தொகுதி நூலில், அயலார் வருகையறிந்தால் காணியர் தம் மகளிரை அடர்காட்டினுள் அனுப்பிவிடுவர் என்றும், அவ்வழக்கம் அருகிவிட்டது என்றும் ஒரு செய்தி உண்டு. அதே ஆசிரியர் குள்ளவுருவம், கருநிறம், அகன்ற மூக்கு ஆகியவற்றை இனத்தின் அடையாளங்களாக எழுதினார். அளக்கவந்தவரைக் கண்டு மக்கள் ஏன் மறைந்தனர் என்ற வினா அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. 1937இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் எல். ஏ. கிருஷ்ண ஐயர் இவர்தம் ஊர் அமைப்பையும் சடங்குகளையும் விரிவாகப் பதிவு செய்தார். அவருடைய செய்திகள் இன்றும் பயன்படுவன. ஆயினும் அவர் நூலிலும் காணியர் பேசப்படுகின்றனரேயன்றிப் பேசுவோராக இல்லை. அன்று மூக்கை அளந்தனர். இன்று மனத்தை அளக்கின்றனர். அளவுகோல் மாறியதுபோல அளப்பவர்க்கும் அளக்கப்படுபவர்க்கும் உள்ள உறவு மாறியுள்ளதா என்பதே நாம் ஆராயவேண்டியது.

மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயிலும் கருவி 2001இல் வெளியான பி.எச்.கியூ.-9 என்பது. அது ஒன்பது வினாக்களை உடையது; கடந்த இரண்டு வாரத்து நிலையைக் கேட்பது; ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்றுவரை மதிப்பெண் தந்து, மொத்தம் 27க்கு 10ம் அதற்கு மேலும் பெற்றோரைக் கூர்ந்து நோக்கத்தக்கோர் எனக் கொள்வது. எளிமையும் விரைவும் இதன் சிறப்பு. மருத்துவமனையில் இது பயனுடையது என்பதில் ஐயமில்லை. இதனை மலைக்கு எடுத்துச் செல்லும்போது சில இடர்கள் தோன்றுகின்றன. உறக்கக் குறைவை ஒரு வினா கேட்கின்றது. இருள் நீங்குமுன் பால்வெட்டச் செல்லும் இளைஞன் 'ஆம்' என்று கூறினால், அது நோயின் குறியா, வேலையின் இயல்பா? மனச்சோர்வு, நம்பிக்கையின்மை, ஆர்வக் குறைவு என்பன ஏட்டுத் தமிழுக்கு உரியவை. 'நெஞ்சு கனக்குது', 'ஒரு மாதிரி இருக்கு', 'வெப்புராளம்' என்பன தென்பாண்டி, நாஞ்சில் மக்கள் வாயில் வழங்குபவை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அச்சத்தைப் 'பேடி' என்பர். 'பேடியா இருக்கு' என்று ஓர் இளைஞன் கூறுமிடத்து, நிகண்டு மட்டும் கற்ற வெளியூர் ஆய்வாளர் என்ன எழுதிக்கொள்வார்? சென்னைத் தமிழில் கேட்டு மலைப்பேச்சில் பெற்ற விடையை மீண்டும் சென்னைத் தமிழில் குறிக்கும் இடத்திலேயே நோயின் பெயர் மாறிவிடுகின்றது.

மதுப்பழக்கத்தை அளக்க உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த ஆடிட் என்னும் பத்து வினாக் கருவி இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. அது 'நிலைக் குவளை' என்று ஓர் அளவை முன்வைத்துக் கணக்குக் கேட்கின்றது. பலர் கூடி ஒரு குப்பியைப் பகிர்ந்து குடிக்குமிடத்து ஒருவன் பங்கை யார் அளந்தார்? பத்தாம் வினா, உறவினரோ நண்பரோ மருத்துவரோ நலப்பணியாளரோ உம் குடியைப் பற்றிக் கவலை தெரிவித்தது உண்டா என்பது. உண்டு எனின் அவ்வொரு வினாவிலேயே நான்கு மதிப்பெண்வரை கூடும். மருத்துவர் எட்டிப்பாராத குடியிருப்பில், உறவினரும் ஒருங்கு குடிக்கும் வீட்டில், கவலை தெரிவிப்பவர் யார்? ஆகவே எவருடைய குடி எவராலும் கவனிக்கப்படவில்லையோ அவருடைய மதிப்பெண் குறைகின்றது. கவனிப்பாரின்மை நலமாகக் கணக்கில் ஏறுகின்றது. இப்பிழை சிறிதன்று. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்திடம் இருந்துவரும் மாநிலத்தில், குடிப்பவனை மட்டும் வினவி விற்பவரை வினவாத கருவி அரைப்பகுதிக் கருவியே என்பதையும் கூறிவைக்கின்றோம்.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களை எடுத்துக்கொண்டது. தமிழகமும் கேரளமும் அவற்றுள் அடங்கும். வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினரிடம் மனநலக் கோளாறு காணப்பட்டது. பேராய்வுக்கு அது இன்றியமையாத பணி. ஆனால் அச்சராசரியிலிருந்து கோதையாற்றுக் குடியிருப்பொன்றின் நிலையை உய்த்துணர இயலாது. மருத்துவர் அபய் பாங் தலைமையில் அமைந்த பழங்குடியினர் நலக்குழு 2018இல் தந்த அறிக்கை, பழங்குடியினரின் பத்துச் சிறப்புச் சிக்கல்களுள் ஒன்றாகப் போதைப்பழக்கத்தையும் மனநலத்தையும் எண்ணியது. சிக்கல் உண்டு என்பது தெளிவு. அதன் வடிவம் என்ன என்பதற்குக் குடியிருப்புத்தோறும் தனி விடை தேடவேண்டும்.

கனடா நாட்டு அனுபவம் இங்குத் துணைசெய்யும். பிரிட்டிசு கொலம்பியாவின் தொல்குடி இளைஞரிடையே தற்கொலை மிகுதி என்பது பொதுக்கூற்றாக இருந்தது. 1998இல் சாண்ட்லர், லலாண்ட் என்னும் இருவர் அதனைச் சமூகம் சமூகமாகப் பிரித்து ஆராய்ந்தனர். சில சமூகங்களில் இளைஞர் தற்கொலை அறவே இல்லை. சிலவற்றில் மிகக் கொடிய அளவில் இருந்தது. நிலவுரிமைக்கு வழக்காடியவை, தன்னாட்சி பெற்றவை, பள்ளியையும் நலப்பணியையும் தம் கையில் கொண்டவை தப்பின. 2007இல் வெளியான தொடராய்வு, தாய்மொழியில் உரையாட வல்லோர் பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிக அருகியிருந்தது எனக் காட்டியது. காரண காரியத் தொடர்பை இவ்வாய்வுகள் முற்ற நிறுவிவிடவில்லை, சமூகங்கள் சிறியன. எனினும் மொழிவாழ்வும் நிலவுரிமையும் மனநல வினாநிரலில் இடம்பெறவேண்டியவை என்பதற்கு இவை போதிய சான்று. காணி என்னும் பெயரையும் பட்டா இல்லாத நிலத்தையும் சேர்த்துக் காணும் எவருக்கும் இது விளங்கும்.

கருவியை உள்ளிருந்து உருவாக்க முடியும் என்பதற்கு ஜிம்பாப்வே சான்று. அங்கே விக்ரம் பட்டேலும் உடனாய்வாளரும் ஷோனா மொழி மக்கள் தம் துயரைக் கூறும் சொற்களைத் திரட்டி, அச்சொற்களைக் கொண்டே 1997இல் பதினான்கு வினாக்கொண்ட கருவியை அமைத்தனர். 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுமீறி எண்ணுதல், அவற்றுள் தலையாயது. பின்னர்த் தோன்றிய 'நட்பு இருக்கை' என்னும் திட்டத்தில், பயிற்சி பெற்ற ஊர்ப் பாட்டியர் மரப்பலகையில் அமர்ந்து துயருற்றோரின் சொல்லைக் கேட்டனர். 2016இல் வெளியான ஒப்பாய்வு அதன் பயனை உறுதிசெய்தது. அகத்திணைத் தோழியை ஆப்பிரிக்க நகரொன்றில் கண்டதுபோல் நமக்குத் தோன்றியது.

காணியரிடம் அத்தகைய கேட்கும் முறை இல்லாமலில்லை. நோயுற்றார்க்காகப் பிலாத்தி என்னும் மருத்துவப் பூசாரி கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உராய்ந்து ஒலித்து, இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டு நாட்டார் வழக்காற்றியலார் நன்கறிந்தது. நம்மவர் அதனைத் தொகுக்குங்கால் பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு, பாடப்பெற்ற நோயாளியை விட்டுவிடுவர். யாருக்காக, எந்நோய்க்காக, யார் யார் விழித்திருக்க அது பாடப்பட்டது என்பன பதிப்பில் இரா. மருத்துவ ஆய்வாளர் நேர்மாறாக நோயாளியைக் குறித்துக்கொண்டு பாட்டை மூடநம்பிக்கை எனத் தள்ளுவர். இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதன் துன்புற்ற இரவில் ஊர் அவனைச் சூழ்ந்திருந்தது என்னும் செய்தி முற்றும் தொலைந்துவிடும்.

இவ்வாறு கூறுவதால் சாற்று எல்லா நோயையும் தீர்க்கும் என்று நாம் கூறியதாகக் கொள்ளற்க. வலிப்புக்கும் கடும் மனப்பிறழ்வுக்கும் மருந்து வேண்டும். காலம் தாழ்த்தின் உயிர்க்கு இறுதி. ஆசாரிப்பள்ளத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மலையிலிருந்து நெடுந்தொலைவு என்பதே அங்குள்ள முதற்குறை. மேலும், உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்று, கைப்பேசியில் உலகைக் காணும் இன்றைய காணி இளைஞன் கொக்கரை ஒலியை விரும்புகின்றானா, நாணுகின்றானா என்பதும் நாம் ஊகித்தறியத் தக்கதன்று. அவன் மரபை அவனுக்கு வற்புறுத்துவது வேலன் செயலேயாம்.

உள்ளிருந்து எழும் குரலின் வலிமைக்கு நாஞ்சில் நாட்டிலேயே சான்று உண்டு. கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடியபோது, சீர்திருத்தக்காரர் குரலில் பாடவில்லை. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் வாயால் தன் துயர் கூறுவதாக அமைத்தார். 1926இல் நாஞ்சில் வேளாளர்க்கெனச் சட்டம் வருவதற்கு அந்நூலும் துணைநின்றது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. துயர், அச்சம், சினம், ஏக்கம், மயக்கம், குடி, அதன் பின்வரும் நாணம் ஆகியவற்றுக்கு மலம்பாஷையில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும், அவை எந்நிலையில் யாரால் யாரிடம் கூறப்படுகின்றன என்ற குறிப்போடு திரட்டுதல் வேண்டும். திரட்டுவோர் அக்குடியிருப்புக்களில் பிறந்து கல்லூரி வந்த மாணவராயிருத்தல் நன்று. அவர்கள் பெயர் செய்தியாளர் பட்டியலில் அன்றி ஆசிரியர் வரிசையில் நிற்கவேண்டும். மூட்டுக்காணியின் இசைவு மட்டும் போதாது, இளைஞர் ஒவ்வொருவரின் இசைவும் பெறல் வேண்டும்; ஒருவன் தன் துயரை அச்சிடாதே என்றால் அதனை விலக்கவேண்டும். தொகுதி நிறைவுற்றதும் அதன் முதற்படி குடியிருப்புக்குச் செல்லவேண்டும், அடுத்த படி மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம். அவர் மேசைமீது உள்ள வினாநிரலில் 'பேடி' என்னும் சொல்லுக்கு எதிரே சரியான பொருள் எழுதப்படுமாயின், தொகுதியின் முதற்பயன் அதுவே.