சொல்லும் சித்திரமும்: சிறுவர் நூல்களை மதிப்பிடல் குறித்துச் சில எண்ணங்கள்

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ, வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ நூல் வெளியீட்டு விழாக்களுக்குச் சென்று பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. நாவலோ கவிதைத் தொகுதியோ வெளியிடப்படும்போது விமர்சகர் தம் அளவுகோல்களை எடுத்துக்கொண்டு மேடையேறுகின்றார். சிறுவர் நூல் வெளியிடப்படும்போது அவர் அவற்றை வீட்டில் விட்டுவிட்டு வருகின்றார். நூலின் நீதி போற்றப்படும். மொழியின் எளிமை பாராட்டப்படும். ஆசிரியரின் நல்லெண்ணம் நினைவுகூரப்படும். இறுதியில், படங்களும் கண்ணைக் கவர்வனவாக உள்ளன என்ற ஒரு வாக்கியத்தோடு உரை நிறைவெய்தும். ஓவியரின் பெயர் சொல்லப்பட்டால் அது அவருடைய நற்பேறு.

அந்த இறுதி வாக்கியத்திலிருந்தே நமது குறைபாடு தொடங்குகின்றது என்பது என் கருத்து. சித்திர நூலிற் படம் ஓர் அணிகலன் அன்று. அது கதையின் ஒரு பாதியைத் தானே சொல்ல வேண்டியது. இதனை உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி 1943இல் எழுதிய ‘குட்டி இளவரசன்’, வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரின் மொழிபெயர்ப்பில் 1981இல் க்ரியா வெளியீடாகத் தமிழுக்கு வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு படம் உண்டு. பெரியவர்களுக்கு அது தொப்பியாகத் தெரிகின்றது. வரைந்த சிறுவனுக்கோ அது யானையை விழுங்கிய மலைப்பாம்பு. அப்படத்தை நீக்கிவிட்டால் அங்கே கதையே இல்லை. ஆசிரியரே தம் கையால் வரைந்த படம் அது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதனினும் நமக்கு அண்மையிலுள்ள சான்று இத்தீவிலேயே உண்டு. சிபில் வெத்தசிங்க (1927-2020) எழுதி வரைந்த ‘குட ஹொரா’ என்னும் சிங்கள நூல் 1956இல் வெளிவந்தது. குடையையே கண்டிராத ஒரு கிராமத்திலிருந்து கிரி மாமா நகரத்துக்குப் போகின்றார். குடையொன்று வாங்கி வருகின்றார். கோப்பிக் கடையில் இளைப்பாறும் வேளையில் அது களவு போகின்றது. மீண்டும் வாங்குகின்றார், மீண்டும் போகின்றது. ஈற்றிற் குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டு, அவை சிந்திய வழியே சென்று, களவுபோன குடைகளெல்லாம் காட்டில் மரத்தில் தொங்குவதைக் காண்கின்றார். கள்வன் ஒரு குரங்கு! நமது நீதிக்கதை மரபில் வந்த ஒருவர் இக்கதையை எழுதியிருப்பின் குரங்குக்குத் தண்டனையும் பிள்ளைக்கு அறிவுரையும் தப்பியிருக்கமாட்டா. வெத்தசிங்க எவரையும் தண்டிக்கவில்லை. மழைக்கு வாழையிலையையும் சாக்கையும் தலையிற் பிடித்துச் செல்லும் கிராமத்தவரை வரைந்து காட்டியதனால், குடை எத்துணைப் பெரிய புதுமை என்பதை அவர் சொல்லி விளக்க வேண்டியும் இருக்கவில்லை. எழுதிய கையும் வரைந்த கையும் ஒன்றாக இருந்தமையால் எதனைச் சொல்வது, எதனைக் காட்டுவது என்ற முடிவு ஒரே மனத்துள் நிகழ்ந்தது.

தமிழில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் யாது? நமது சிறுவர் இலக்கியம் செவிக்குரியதாகவே பிறந்து வளர்ந்தது என்பதே முதன்மைக் காரணம் எனத் தோன்றுகின்றது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878-1953) ஆடிப்பிறப்புப் பாடலுக்கும் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாடலுக்கும் எந்தப் படமும் தேவைப்படவில்லை. கூழும் கொழுக்கட்டையும் அப்பிள்ளையின் வீட்டில் இருந்தன. வெருளி அயற்காணியில் நின்றது. ஓசை ஒன்றே போதுமாயிருந்தது. அப்பாடல்களின் வெற்றி நமக்கு ஒரு பழக்கத்தையும் தந்து சென்றது: சிறுவர் நூலைச் செவியால் மட்டும் அளக்கும் பழக்கம். ஆனால் பம்பலப்பிட்டியில் அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் வளரும் பிள்ளை வெருளியைக் கண்டதில்லை. அப்பிள்ளைக்கு அதைக் காட்டவேண்டிய பொறுப்பு இப்போது ஓவியருடையது. எழுத்துப் பிரதி முற்றாக முடிந்த பின்னர் அவரிடம் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு படம் கேட்கும் நடைமுறையில் அப்பொறுப்பை அவர் நிறைவேற்றல் அரிது. எழுத்தில் முன்னரே சொல்லப்பட்டதையே அவர் மீண்டும் வரைகின்றார். எழுத்து மரத்தடியிற் கிளி என்கின்றது. படத்திலும் மரம், அதனடியிற் கிளி.

இந்தியாவிலிருந்து வரும் புதிய சித்திர நூல்கள் இவ்வகையிற் பெரிதும் முன்னேறியவை. 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகமும், 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் நிறுவனமும் ஓவியருக்கு உரிய இடத்தை அளித்துள்ளன. அட்டையில் ஓவியரின் பெயரும் எழுத்தாளரின் பெயரும் சமமாக நிற்பதைக் காண மகிழ்ச்சி உண்டாகின்றது. ஆயினும் இந்நூல்களிற் பல ஒரே வேளையிற் பல இந்திய மொழிகளில் வெளியிடப்படுபவை. படம் எல்லா மொழிக்கும் ஒன்றே; சொல் மட்டுமே மாறுகின்றது. இதனால் எந்த மொழிக்குள்ளும் ஆழ வேரூன்றாத, எங்கும் பொருந்தும் ஒரு நடை உருவாகிவிடுகின்றது. பிள்ளையை வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் எதுகையோ, இரட்டைக் கிளவியோ, சிலேடையோ அதில் அருகியே காணப்படுகின்றது. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறிப் பயனில்லை. படத்தினருகே விடப்பட்ட சிறு வெற்றிடத்துள் அவர் தமிழை மடித்து வைக்கின்றார்.

இதனோடு நமக்கே உரிய இன்னுமொரு சிக்கலும் உண்டு. நமது பிள்ளை கதிரையில் அமர்ந்து, பாண் உண்டு, சவர்க்காரத்தாற் கைகழுவுகின்றது. அதன் கையிலுள்ள நூலிற் பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து, பிரெட் உண்டு, சோப்பினாற் கைகழுவுகின்றனர். ஒரு மொழிக்குள் இருவகைச் சொற்களை அறிவது நன்மையே என்பர். உண்மை. ஆனால் ஒருவகை மட்டுமே எப்போதும் அச்சில் இருந்து, மற்றது எப்போதும் வாயில் மட்டுமே இருந்தால், தன் வீட்டுப் பேச்சு புத்தகத்துக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் பிள்ளைக்குச் சொல்லாமலே கற்பிக்கப்படுகின்றது. ஆங்கில மொழிமூலம் கற்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு, வீட்டில் வாசிக்கும் சித்திர நூலே தமிழ் எழுத்தின் முதல் வாயிலாகவும் சில வேளைகளிற் கடைசி வாயிலாகவும் இருக்கின்றது. அவர்களைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகளை எவரும் மாற்றியமைத்து மறுபடி வெளியிட உரிமம் இடமளிக்கின்றது. நாற்காலியைக் கதிரையாக்க நமக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

சித்திரக் கதைகளைப் பற்றி நமது பல்கலைக்கழகச் சூழலில் இன்றும் ஒருவகை வெட்கம் நிலவுகின்றது. ஒளித்து வாசித்தவர்கள் பேராசிரியர்களானபின் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 1972இற் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் புறப்பட்டது, 1984இல் லயன் காமிக்சும் சென்னையிலிருந்து ராணி காமிக்சும் சேர்ந்துகொண்டன. 1970க்கும் 1977க்குமிடையில் இந்திய இதழ்களின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதன் பயனாக ஈழத்து வளர்ந்தோர் நாவல் ஒரு சந்தையைப் பெற்றது. வீரகேசரி வெளியீடுகள் அதற்குச் சான்று. சித்திரக் கதைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் வெற்றிடத்தைச் சிவகாசி நிரப்பியது.

அந்நூல்களைக் கீழானவை எனத் தள்ளுவது மதிப்பீடாகாது. லக்கி லூக்கின் தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள டால்டன் சகோதரர்களின் சண்டையும் குதிரையின் முணுமுணுப்பும் பேச்சுத்தமிழின் வீச்சை அச்சிற் கொண்டுவந்துள்ளன. அத்தகைய உயிர்ப்பு நமது நீதிக்கதைத் தொகுதி எதிலும் இல்லை எனத் துணிந்து கூறுவேன். குறைகளும் உண்டு. தமிழ்ச் சொல் நீளமானது. பிறமொழிச் சொல்லுக்கென அளந்து வரைந்த பேச்சுக் குமிழுக்குள் அது நெருக்குண்டு, எழுத்து சிறுத்துப் போகின்றது. இன்று வரும் வண்ணப் பதிப்புகளின் தாளும் அச்சும் சிறந்தவை. ஆனால் அவற்றின் விலையும் தேர்வும் ஐம்பது வயது வாசகரையே கருத்திற் கொண்டவை. தம் இளமையை மீட்டெடுக்க விரும்பும் அவர்களை நான் குறைகூறவில்லை. இருப்பினும் பத்து வயதுப் பிள்ளைக்கான சித்திரக் கதை என்ற தலைப்பில் அவற்றைப் பாராட்டுவது பொருந்தாது.

இளையோர் நாவல் குறித்து ஓரளவு நம்பிக்கையுடன் பேசலாம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பால சாகித்திய விருதைப் பெற்றது. பிள்ளைகள்மீதான பாலியல் துன்புறுத்தலைப் பேசும் நூல் அது. பேசும் மரப்பாச்சி என்ற பழைய உத்தியால், பெரியவர்களே வாய்திறக்க அஞ்சும் விடயம் பிள்ளைக்கு அச்சமூட்டாத உரையாடலாக மாறுகின்றது. ஆங்காங்கே பொம்மை ஆசிரியராகிவிடுகின்றது. அவ்விடங்களிற் கதை சற்றே தளர்கின்றது. அதனை ஒரு குறையாகச் சொல்லத்தான் வேண்டும். 2023இல் அவ்விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை மையமாகக் கொண்டது. அதிற் செய்தி மிகுதி. அகழ்வாராய்ச்சியை அறிந்துகொள்ளும் ஆர்வம் சிறுவனுடையதா, ஆசிரியருடையதா என்ற ஐயம் இடையிடையே எழுகின்றது.

இவ்விடத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ (1947) நினைவுக்கு வருகின்றது. அது தமிழிலும் கிடைக்கின்றது. உபாலி குறும்பன், வீட்டை விட்டு ஜின்னாவுடன் ஓடிப்போய் ஒரு தீவிற் குடியேறுகின்றான். ஆசிரியர் அவனைத் திருத்த முற்படுவதில்லை. வேலையும் பொறுப்புமே அவனைப் பையப்பைய வளர்க்கின்றன. பிள்ளை தவறு செய்ய இடமளிக்கும் இத்துணிவே இளையோர் நாவலை மதிப்பிடுவதற்கு நான் வேண்டும் முதல் அளவுகோல்.

துணிவு என்றதும் சொல்லாமல் விடமுடியாத ஒன்றுண்டு. 1983 முதல் 2009 வரை இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் எதைக் கண்டார்கள் என்பதை நாமறிவோம். வன்னியின் இறுதிக்கால அவலத்தைச் சித்திரக் கதையாக்கிய ‘வன்னி’ 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியர் பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லின்ட்சே பொலக், வளர்ந்தோருக்கான நூல். நான் வாசித்த ஈழத்துச் சிறுவர் நூல்களிலோ முயலும் ஆமையும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவலத்தைச் சொல்லலாகாது என்பார் உளர். இறந்துபோன மாமனின் படம் சுவரில் மாலையுடன் தொங்கும் வீட்டில், அவர் யார் என்று பிள்ளை கேட்கத்தான் செய்கின்றது. அக்கேள்விக்கு முப்பத்திரண்டு பக்கத்தில், சில நூறு சொற்களில், சொல்லால் இயலாததை வண்ணத்தாற் சொல்லி, ஒரு நூல் செய்ய முடியாதா? குட்டி இளவரசன் ஒரு மரணத்தைச் சொல்லவில்லையா?

அத்தகைய நூல் வரும்போது அதனை வெளியிட்டு வைக்கும் மேடையில் ஓவியருக்கும் ஒரு கதிரை போடப்பட வேண்டும். விமர்சகர் முதலில் அவருடைய பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பேசத் தொடங்கட்டும்.