பத்தொன்பது வயது வாசலும் திரும்பும் வழியும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு ட்ராஃப்ட் என்று பெயர். 1998 ஜூனில் நடந்த ட்ராஃப்ட்டில், அப்போதுதான் பள்ளியை முடித்திருந்த இரண்டு பையன்களை முதல் சுற்றில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஒருவர் ஹூஸ்டன் பகுதியைச் சேர்ந்த ரஷார்ட் லூயிஸ். ஊர் அணியான ராக்கெட்ஸுக்கு அன்று முதல் சுற்றிலேயே மூன்று வாய்ப்புகள் இருந்தன. மூன்றிலும் அவர் பெயர் வரவில்லை. கேமராக்களுக்கு முன்னால் கண்ணீர் விட்டபடி உட்கார்ந்திருந்த அவரை, 32ஆவது இடத்தில் சியாட்டில் எடுத்தது. எட்டு இடம் தள்ளி, இன்னொருவரான கோர்லியோன் யங்கை டெட்ராய்ட் எடுத்தது. முதல் சுற்றில் வருபவர்களுக்கு உறுதியான ஊதிய ஒப்பந்தம் உண்டு. இரண்டாம் சுற்றில் அந்த உறுதி இல்லை.

லூயிஸ் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு இரண்டு முறை தேர்வானார், பத்து கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் பெற்றார், மயாமி அணியோடு 2013இல் கோப்பையும் வென்றார். யங் என்பிஏவில் ஆடியது மூன்றே ஆட்டங்கள். முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஊதியத் தகராறால் அந்தப் பருவமே 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. புதியவனுக்குப் பயிற்சி தரக்கூட நேரமில்லாத ஆண்டு அது. ஆண்டு முடிந்ததும் அணி அவரை விடுவித்தது. தொழில்முறை வீரராகிவிட்டதால் கல்லூரிக்கு ஆடும் தகுதியும் போய்விட்டது.

இந்த இரண்டு பேரில் யாரை நினைவில் வைத்து விதி எழுதுவது என்பதுதான் அமெரிக்கக் கூடைப்பந்தின் ஐம்பதாண்டு வழக்கு. இன்று நடப்பில் உள்ள விதி 2005இல் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்தது. ட்ராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் வீரருக்கு 19 வயது நிறைய வேண்டும்; அமெரிக்க மாணவரானால், அவருடைய பள்ளி வகுப்பு முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த ஓராண்டைக் கல்லூரி அணியில் கழித்துவிட்டுக் கிளம்புவதால் ‘ஒன் அண்ட் டன்’ (ஓராண்டோடு சரி) என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்பு வாசல் திறந்தே இருந்தது. பள்ளி முடித்து நான்காண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் எதிர்த்துப் போராட, 1971இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1974இல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேராக, போட்டி லீக்கான ஏபிஏவுக்குப் போனார். 1995இல் கெவின் கார்னெட் அந்தப் பாதையில் மறுபடி நடந்தார். அடுத்த ஆண்டு வந்த கோபி பிரையன்டுக்கு வயது 17. ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2003இல் லெப்ரான் ஜேம்ஸ். 2005க்குள் ஏறத்தாழ நாற்பது பேர் இப்படி வந்தார்கள்.

விதிக்கு ஆதரவான வாதங்களில் உண்மை இருக்கிறது. தன்னைவிட ஓரடி குள்ளமான பையன்களுக்கு எதிராக 30 புள்ளி அடிப்பவனைப் பார்த்து, அவன் வளர்ந்த ஆண்களுக்கு முன்னால் என்ன செய்வான் என்று கணிக்க முடியாது. 2001இல் மைக்கேல் ஜோர்டனின் பொறுப்பிலிருந்த வாஷிங்டன் அணி, பள்ளி மாணவரான குவாமி பிரவுனை முதல் இடத்தில் எடுத்தது. அந்த இடத்துக்குரிய எதிர்பார்ப்பை அவரால் சுமக்க முடியவில்லை. பள்ளி அரங்குகளில் என்பிஏ ஆட்கள் சுற்றித் திரிவது நல்லதல்ல என்று ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் சொன்னதிலும் நியாயம் உண்டு. கல்லூரியில் ஒரு பருவம் சமபலமுள்ளவர்களோடு மோதும்போது குறைகள் வெளியே தெரியும், உடலும் தேறும், தொலைக்காட்சி வழியே நாடு முழுக்கப் பெயரும் பரவும்.

ஆனால் பிரவுன் என்பிஏவில் பன்னிரண்டு பருவங்கள் நீடித்தார் என்பதை அவரைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுபவர்கள் சொல்வதில்லை. 1996இல் வந்த ஜெர்மெய்ன் ஓநீல், போர்ட்லாண்டில் நான்கு பருவங்களைப் பெரும்பாலும் பெஞ்சில் கழித்தார். இண்டியானாவுக்குப் போனபின் ஆறு முறை ஆல் ஸ்டார் ஆனார். அவரும் காத்திருந்தார், ஆனால் சம்பளத்தோடு காத்திருந்தார். பையன் பக்குவப்படக் காலம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் காலத்தின் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. 2005 உடன்பாடு அந்தச் செலவைக் கோடீஸ்வர அணிகளின் தோளிலிருந்து இறக்கிப் பதினெட்டு வயதுப் பையனின் தலையில் வைத்தது. உடன்பாட்டில் கையெழுத்திட்ட சங்கத்தில் அவன் உறுப்பினன் அல்ல. அவனுக்காகப் பேச அந்த மேசையில் யாரும் இல்லை. பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களையே தொடும் விதி இது என்பதால், இனமும் ஒரு காரணமோ என்ற ஐயத்தை ஓநீல் அப்போதே வெளிப்படையாக எழுப்பினார். அதற்கு நேர்மையான பதில் வந்ததாக நான் கருதவில்லை.

அந்த ஓராண்டில் லாபம் பார்த்தது கல்லூரி விளையாட்டு. கல்லூரி அணிகள் மோதும் மார்ச் மாதத் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குக் கைமாறியது. ஆடியவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டும். 2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழக அணியின் ஸயன் வில்லியம்சனின் காலணி, ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கிழிந்து, முழங்கால் சுளுக்கிக்கொண்டது. காயம் சிறியதாக இருந்தது அதிர்ஷ்டம். நாலு மாதத்தில் ட்ராஃப்ட்டில் முதலாவதாக எடுக்கப்படவிருந்தவர், சம்பளமே இல்லாத ஆட்டத்தில் தன் முழு வாழ்க்கையையும் பணயம் வைத்திருந்தார். கல்வி என்ற வாதமும் நிற்கவில்லை. வசந்த காலத்தோடு கிளம்பப்போகிறவனுக்கு இரண்டாம் பருவத்து வகுப்புகள் வெறும் சம்பிரதாயம்.

மாற்று வழி தேடியவர்கள் உண்டு. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் ரோம் நகர அணிக்கு ஆடிவிட்டு வந்தார். பஞ்சாப் கிராமமொன்றில் பிறந்த சத்னாம் சிங், ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியிலிருந்து கல்லூரியைத் தொடாமலே 2015இல் டல்லாஸ் அணிக்குத் தேர்வானார். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. 2020இல் லீக்கே ‘இக்னைட்’ என்ற அணியைத் தொடங்கிப் பதின்வயதினருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் 2021இல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதி வந்ததும் அந்த அணிக்குத் தேவை குறைந்து, 2024இல் மூடப்பட்டது. 2025இலிருந்து கல்லூரிகளே வீரர்களோடு வருவாயை நேரடியாகப் பகிர்கின்றன. கூப்பர் ஃபிளாக் டியூக்கில் ஓராண்டு ஆடி, 2025 ட்ராஃப்ட்டில் முதலாவதாக வந்தபோது, அவர் ஏழையாகக் காத்திருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி இந்த விதியால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வது இதனால்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபிளாக் போன்றவர்கள் எந்த விதியிலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆபத்து எப்போதும் யங் போன்றவர்களுக்கே. 2002இல் லெனி குக் என்ற பையன், நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களில் ஒருவராகக் கொண்டாடப்பட்டு, ஏஜென்ட்டை நம்பி ட்ராஃப்ட்டில் பெயர் கொடுத்தார். எந்த அணியும் எடுக்கவில்லை. கல்லூரிக்கு ஆடும் வழியும் அடைபட்டிருந்தது. இவர்களை வீழ்த்தியது வயது மட்டுமல்ல. ஒரு தவறான முடிவுக்குப் பின் திரும்பிவர முடியாதபடி அமைந்திருந்த ஏற்பாடுதான். வயது வரம்பு அந்தத் தவறை ஓராண்டு தள்ளிப்போட்டதே தவிர, திரும்பும் வழியை அமைக்கவில்லை.

அதே நாட்டில் மற்ற விளையாட்டுகள் அந்த வழியை அமைத்திருக்கின்றன. பேஸ்பாலில் பள்ளி மாணவனை அணி தேர்ந்தெடுத்தாலும், கையெழுத்திட மறுத்துவிட்டு அவன் கல்லூரிக்குப் போகலாம். கையெழுத்திட்டால், பிற்காலப் படிப்புச் செலவை அணி ஏற்கும் பிரிவை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஐஸ் ஹாக்கியில் 18 வயதில் தேர்வானவன் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்க, அவன்மீதான உரிமையை என்ஹெச்எல் அணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கூடைப்பந்திலும் சுவர் இளகத் தொடங்கிவிட்டது: இக்னைட்டில் சம்பளம் வாங்கி ஆடிய சிலரை 2025இல் கல்லூரிகள் சேர்த்துக்கொண்டன. ஆனால் இது தனித்தனி அனுமதியாகவே நடக்கிறது, யாரும் உரிமையாகக் கேட்டுப் பெற முடிவதில்லை.

2018இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் கல்லூரிக் கூடைப்பந்தை ஆராய்ந்த ஆணையம் இந்த ஓராண்டு விதியை நீக்கச் சொன்னது. 2023இல் புதிய உடன்பாடு எழுதப்பட்டபோதும் லீக்கும் சங்கமும் அதைத் தொடவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் 19 என்பதை 18 ஆக்குவதா, 20 ஆக்குவதா என்று மட்டும் வாதாடினால் இன்னொரு தலைமுறை இதே இடத்தில் நிற்கும். முதலில் மூன்றைக் கேட்க வேண்டும்: தேர்வாகாத பள்ளி மாணவன் கல்லூரிக்கு ஆடும் தகுதியை இழக்கக் கூடாது, இரண்டாம் சுற்றில் எடுக்கப்படும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இரண்டாண்டு ஊதியமாவது உறுதியாக வேண்டும், அணி அவனை விடுவித்தால் படிப்புச் செலவை அந்த அணியே கட்ட வேண்டும். இவை எழுதப்பட்ட பிறகு வயதைப் பற்றிப் பேசலாம்.