இருந்தும் இல்லாத நூல்கள்

சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலில் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்கே உரியது. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய படிப்பாளர் கிட்ட வேண்டும். படிப்பவரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவற்றின் சாரம். இணையத்து நூலகங்களை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தால் நிறையும் புலப்படும், குறையும் புலப்படும்.

நிறையை முதலில் சொல்வோம். தன்னார்வலர் உழைப்பால் 1998இல் தோன்றிய மதுரைத் திட்டமும், 2005இல் இலங்கைத் தமிழார்வலர் தொடங்கிய நூலகம் திட்டமும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் ஆற்றியுள்ள பணி பெரிது. முன்னாளில் ஓர் அரிய பதிப்பைக் காண ஊர் விட்டு ஊர் சென்று, அறிமுகக் கடிதம் காட்டிக் காத்திருக்க வேண்டும். இன்று காயல்பட்டினத்து மாணவி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்தபடியே சீறாப்புராணத்தைப் படிக்கலாம். நூல் பயன்படுவதற்கே என்னும் முதல் விதி இங்கே மெய்யாயிற்று.

ஆயினும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய படிப்பாளர் என்னும் விதி நிறைவேறிற்றா? இல்லை என்றே கூற வேண்டியுள்ளது. காரணம் பெயர்.

அதே மாணவி, அரபுச் சொல்லை எண்ணிச் ‘சீரா’ என இடையின ரகரமிட்டுத் தேடுகிறாள் என்று கொள்வோம். எழுத்தை மட்டுமே ஒப்பிடும் நூற்பட்டியல் வெறுங்கை காட்டும். நாகூர்ப் பெரும்புலவரைக் குலாம் காதிறு நாவலர் என்கிறோம்; காதிர் என்று எழுதுவாரும் உளர். உவைஸ், உவைசு என ஓர் அறிஞருக்கே இரு வடிவங்கள். ஆங்கில எழுத்தில் அவர் கையாண்ட வடிவம் இன்னொன்று. முகம்மது, முகமது, முஹம்மத் என்பவற்றின் கதை சொல்லி முடியாது. மனிதருக்கு இவை ஒரே பெயர். பட்டியலுக்கோ வெவ்வேறு ஆள்கள். அரபுத்தமிழ் நூலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மொழி தமிழ், எழுத்து அரபு. எழுத்தைக் கண்டு அரபு எனப் பதிந்துவிட்டால், தமிழ் நூல்களிடையே தேடுவோர் கண்ணில் அது எக்காலத்தும் படாது.

இது வெறும் எழுத்துப் பிழை விவகாரமன்று. தேடிக் காணாத மாணவி, ‘இப்பொருள் குறித்து முன்னாய்வு எதுவும் இல்லை’ என்று தன் ஆய்வேட்டில் எழுதுவாள். உவைஸ் 1953இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு போன்ற முன்னோர் உழைப்பும் இல்லாததாகிவிடும். அவ்வேட்டை நம்பி அடுத்தவர் எழுதுவார். எரிந்தும் கரையானுக்கு இரையாகியும் அழிந்த நூலுக்காக அழுகிறோம். பத்திரமாக இருந்தும் கண்ணுக்கு அகப்படாத நூலுக்காக யார் அழுவார்?

பணம் போதாமையே காரணம் என்பார் உளர். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் நடுவண் அரசின் திட்டம் 2025 சனவரியில் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாம் சுட்டும் குறை பெருஞ்செலவால் தீர்வதன்று; கவனத்தால் தீர்வது. பழைய அட்டைப் பட்டியலில், ஒரு வடிவத்தைத் தேடுவோரை மற்றொன்றுக்கு அனுப்பும் ‘காண்க’ என்னும் அட்டை இருந்தது. ஒரே ஆசிரியரின் பல பெயர் வடிவங்களை இணைக்கும் உலகளாவிய பெயர்க் கோப்புகளும் இன்று உள்ளன. தமிழ் மின்னூலகங்கள் இவ்வழியைப் பின்பற்றத் தடையென்ன? பெயர்களை அறிந்த நூலகர் ஒருவர் அமர்ந்து செய்தால், தேடுவோர் பலரின் நாள்கள் மிஞ்சும்.

நமக்கும் இதில் கடமை உண்டு. வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய நூலை மின்னூலகத்திற்கு அளிக்கும்போது, ஆசிரியரின் ஊர்ப்பெயர், புனைபெயர், பிறர் எழுதும் பெயர் வடிவங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி உடன் அளியுங்கள். தேடும் பிள்ளைகளுக்கோ, ஒரு முறை தேடிக் கைவிடாமல் நான்கு வடிவங்களில் தேடக் கற்றுக் கொடுங்கள். பாட்டனாரின் நூலைப் பேத்தி கண்டெடுப்பதற்கு அந்த ஒரு தாளே போதுமானதாகலாம்.