டெக்சஸ் ஒப்புக்கொள்ளாத சில்லி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் 1977-இல் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. மாட்டிறைச்சித் துண்டுகளை மிளகாய்ச் சாந்தில் மணிக்கணக்கில் வேகவைத்த கெட்டிக் குழம்பு அது. அதில் பீன்ஸ் போட்டாலே அங்கே முகம் சுளிப்பார்கள். மெக்சிகோ எல்லையோரம், ஆள் நடமாட்டம் குறைந்த டெர்லிங்குவா என்னும் பழைய சுரங்க ஊரில் 1967-இல் தொடங்கிய சில்லிப் போட்டி மரபில், பீன்ஸ், மக்ரோனி, சோறு எல்லாமே விலக்கு. காய்கறிச் சில்லி என்று அங்கே போய்ச் சொன்னால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று யூகிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1977-இல்தான் மாலி கேட்சனின் ‘மூஸ்வுட் குக்புக்’ வெளிவந்தது. நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், பனி கொட்டும் இத்தாக்கா நகரில் 1973-இல் தொடங்கிய மூஸ்வுட் உணவகத்தின் சமையலை வைத்து எழுதிய சைவச் சமையல் நூல் அது. அதிலும் ஒரு சில்லி உண்டு: ராஜ்மாவும், தக்காளிச் சாற்றில் ஊறிய புல்கர் கோதுமையும் சேர்ந்தது. புல்கர் என்பது அவித்து உலர்த்தி உடைத்த கோதுமை. வெந்ததும் கொத்துக்கறிபோல் பல்லில் படும். மீல் மேக்கரைவிட இது எவ்வளவோ மேல். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, எண்ணெயில் சிவக்க வறுக்காமல் போட்டால் குழம்பில் ஊறிய பஞ்சுதான் மிஞ்சும்.

டெக்சஸ்காரர்களின் கோபத்தில் நியாயம் உண்டா? பழைய செய்முறைகளில் இறைச்சியை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு, ஓரிகானோ. சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மாலைவேளைகளில் சில்லி விற்ற பெண்களை ‘சில்லி ராணிகள்’ என்றே ஊர் அழைத்தது. அவர்கள் பானையின் மணம் இந்த நான்கிலிருந்து வந்ததுதான். நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் உணவகம் நடத்திய ஜெர்மானியர் வில்லியம் கெப்ஹார்ட், 1890-களில் மிளகாயைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து விற்றார். டெக்சஸுக்கு வெளியே சில்லி பரவியதில் அந்தப் பொடிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆக, இந்தக் குழம்பின் உயிர் மிளகாயில் இருக்கிறது. காய்கறிச் சில்லி அதை மறைக்காமல் காட்டுகிறது.

மிளகாய் என்றால் காரம் மட்டும் இல்லை. ஆஞ்சோ என்பது காய்ந்த பொப்லானோ மிளகாய். 1000 முதல் 2000 ஸ்கோவில் அலகுதான் அதன் காரம். ஆனால் உலர்திராட்சையின் இனிப்பும் லேசான கசப்பும் அதில் உண்டு. சிபோட்லே, பழுத்த ஹாலபீனோவைப் புகையில் உலர்த்தியது. இறைச்சி இல்லாத பானையில் இந்தப் புகைமணத்துக்கு இரட்டிப்பு மதிப்பு. ஆஞ்சோ கிடைக்காத ஊரில், நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாய் ஓரளவு ஈடுகொடுக்கும். புகைமணத்தை அது தராது. விதையை உதிர்த்துவிட்டு, வெறும் கல்லில் மணம் எழும்வரை சில நொடிகள் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைக்க வேண்டும். ஒரு நொடி கருகினாலும் பானை முழுக்கக் கசக்கும். அரைத்த விழுதைத் தாராளமாக எண்ணெய் விட்டு வதக்கினால், மிளகாயின் சிவப்பும் காரமும் எண்ணெயில் இறங்கும். எண்ணெயில் கஞ்சத்தனம் செய்த காய்கறிச் சில்லி ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிதான் இருக்கும்.

பயறு விஷயத்தில் அவசரம் ஆகாது. பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹெமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது; அரைகுறையாக வெந்த நாலைந்து மணிகளே வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கப் போதும். அமெரிக்கக் குளிர்காலச் சமையலறைகளில் காலையில் போட்டு மாலையில் திறக்கும் ஸ்லோ குக்கர் பிரபலம். அந்த மிதமான சூடு இந்த நச்சை முறிக்கப் போதாமல் போகலாம். அதனால் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் பயறு அதற்குள் போகவேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது; பயமில்லை.

தக்காளி சேரும் நேரமும் முக்கியம். புளிப்புப் பட்டால் பயறு மெத்தென்று வேகாது. எனவே பயறு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகே தக்காளி. ஊறும் நீரில் உப்புப் போடக்கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது: உப்பிலுள்ள சோடியம் தோலின் கால்சியத்தை இடம்பெயர்த்து அதை மென்மையாக்கும்.

இறைச்சி தரும் கொழுமையை எங்கிருந்து கொண்டுவருவது? வெந்த பயறில் இரண்டு கரண்டியை மசித்துத் திரும்பக் கலந்தால் குழம்பு இறுகும். உலர்ந்த காளான், சோயா சாஸ், சிவக்க வதக்கிய தக்காளி விழுது மூன்றும் நாவில் தங்கும் ஆழத்தைத் தரும். கொஞ்சம் கொக்கோ, அரை டம்ளர் டிகாக்‌ஷன் சேர்ப்பவர்களும் உண்டு; அளவு மீறாதவரை நல்ல யோசனைதான். இறக்குவதற்குச் சற்றுமுன், சுண்ணாம்பு நீரில் அவித்த மக்காச்சோளத்தின் மாவை இரண்டு கரண்டி கரைத்து ஊற்றுவது அமெரிக்கத் தென்மேற்குப் பழக்கம். மக்காச்சோள மணத்தோடு குழம்பு கூழாகத் திரளும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜென் மையத்தார் 1979-இல் தொடங்கிய கிரீன்ஸ் உணவகத்தின் கறுப்பு பீன்ஸ் சில்லி இந்த வகையில் உச்சம். முதல் தலைமைச் சமையல்காரர் டெபோரா மாடிசன் சீரகத்தையும் ஓரிகானோவையும் வெறும் சட்டியில் வறுத்துச் சேர்த்தார். பரிமாறும் முறையும் அழகு: கிண்ணத்தின் அடியில் துருவிய சீஸ், அதன்மேல் கொதிக்கும் சில்லி, மேலே புளித்த கிரீமும் கொத்தமல்லியும். கரண்டி அடிவரை போகும்போதுதான் சீஸ் இழை இழையாக எழும்பி வரும்.

சில்லி மறுநாள்தான் சேரும். ஒருநாள் வைத்துச் சூடாக்கினால் பயறு காரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டியோ உப்புப் பிஸ்கட்டோ வழக்கம். ஆனால் பனி உறையும் நெப்ராஸ்காவிலும் கான்சஸிலும் பள்ளி மதிய உணவிலேயே சில்லிக்குத் துணை, சர்க்கரைப் பாகு வழியும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. தனித்தனியாகச் சாப்பிடுவதா, குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதா என்பதில் அங்கே இரண்டு கட்சி.